எச்சரிக்கை: ‘ஷோரூமில் கழற்றிய புது டயர்’ என்று நம்பி 12,600 ரூபாய் இழந்தேன்

இன்று மாலை அந்தக் கடையிலிருந்து மூன்றாவது முறையாக வெறுங்கையுடன் திரும்பி வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் இதை எழுதுகிறேன். பழைய கார் வைத்திருப்பவர்களும், அதற்குக் குறைந்த செலவில் டயர் தேடிக்கொண்டிருப்பவர்களும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். கடைசியில் டயர் வாங்குவது எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடைய கார் 2014ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட். நான் அதன் இரண்டாவது உரிமையாளர். டயர் அளவு 165/80 ஆர்14. இரண்டு வருடங்களுக்கு முன் வாங்கியபோதே நான்கு டயர்களும் பாதி தேய்ந்திருந்தன. இந்த மழைக்காலத்தில் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கத் தொடங்கியதால், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன். திருச்சியில் எங்கள் பகுதியில் உள்ள டயர் கடையில் விசாரித்தபோது, ஒரு டயர் 4,600 வீதம் நான்கிற்கும் 18,400 ரூபாய் என்றார்கள். மகளுடைய கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. அந்த ஒரு காரணத்தால்தான், பழைய பொருள்களை வாங்கி விற்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில் இரவு பதினொரு மணிக்கு டயர் தேடத் தொடங்கினேன்.

‘ஷோரூமில் கழற்றிய புது டயர், ஓடாதது, ஒன்று 2,900 மட்டும்’ என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இது முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். புதிய கார் வாங்கும் சிலர், வாங்கிய கையோடு அலாய் வீலும் அகலமான டயரும் மாட்டிக்கொண்டு, கம்பெனி கொடுத்த டயர்களைக் கழற்றி விற்றுவிடுவது உண்மையிலேயே நடக்கிற ஒன்று. என் அலுவலக நண்பர் ஒருவர் அப்படி வாங்கி நான்கு ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓட்டுகிறார். உண்மையான ஒரு வழக்கத்தின் நிழலில் நின்றுகொண்டு செய்யப்படும் மோசடி என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

கடை என்பது நகரின் எல்லையில், லாரிகள் நிற்கும் இடத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. முன்பக்கம் சுத்தமாக இருந்தது. அலைன்மென்ட் இயந்திரம், பேலன்சிங் இயந்திரம், சுவரில் சாமிப் படங்கள், வாடாத மாலை. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலேயே ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் படுக்க வைத்தார். புதிய டயரில் வார்ப்பு அச்சிலிருந்து வரும்போதே நிற்கும் ரப்பர் முடிகள் அதில் சிலிர்த்துக்கொண்டிருந்தன. அவர் என் கையைப் பிடித்து அந்த முடிகளின் மேல் தடவ வைத்தார். பிறகு பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள், எவ்வளவு ஆழம் என்று பார்க்கும் கருவியை எடுத்துக் குத்திக் காட்டினார். ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர். தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கத்தையும் அவரே விரல் வைத்துக் காட்டினார்: 2225, அதாவது 2025ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். “குடும்பத்தோட போற வண்டி சார் இது. பழசைக் கட்டி உங்களை அனுப்பிட்டு நான் ராத்திரி தூங்க முடியுமா?” என்று அவர் சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர் மீது மரியாதை வந்துவிட்டது. மற்ற மூன்றையும் காட்டுங்கள் என்று கேட்பதே அவரை அவமதிப்பது போலத் தோன்றிற்று. என் முட்டாள்தனம் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கியிருக்கிறது.

நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பின்பக்கத்திலிருந்து மற்ற மூன்று டயர்களையும் பையன்கள் கொண்டு வந்து, என் கார் ஜாக்கியில் நிற்கும்போதே மாட்டிவிட்டார்கள். எல்லாம் பளபளவென்று கன்னங்கரேலென்று இருந்தன. காற்றுக்குப் பதில் நைட்ரஜன் இலவசம் என்று சொல்லி வால்வுகளுக்குப் பச்சை மூடி போட்டார்கள். அந்தப் பச்சை மூடியைப் பார்த்து நான் மகிழ்ந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. டயர்களுக்கு 11,600, புது வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 1,000, ஆக மொத்தம் 12,600 ரூபாய். யூபிஐ வழியாகச் செலுத்தியபோது திரையில் கடையின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு “ஓனரோட சம்சாரம் சார்” என்றார்.

பில் கேட்டேன். “பில் போட்டா 28 பெர்சன்ட் ஜிஎஸ்டி சேரும் சார், மூவாயிரத்துக்கு மேல வரும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?” என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டுத் தாளில் எஸ்டிமேட் என்று எழுதித் தொகையைக் குறித்துக் கொடுத்தார். அவருடைய விசிட்டிங் கார்டின் பின்பக்கம் ‘6 மாதம் கேரண்டி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. தினமும் டயர் விற்கும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. என்னுடைய நான்கு பழைய டயர்களை “கழிவுதானே சார், நாங்களே போட்டுடறோம்” என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் நான் நன்றி சொன்னேன்.

சரியாக இருபத்தொரு நாள். ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் ஓடியிருக்கும். செங்கல்பட்டில் உறவினர் வீட்டு அறுபதாம் கல்யாணத்திற்காக அம்மா, மனைவி, மகள் எல்லோரும் காரில் இருந்தோம். திருமாந்துறை சுங்கச்சாவடியைத் தாண்டிய பிறகு பின் இருக்கையில் ஓர் அதிர்வு இருப்பதாக அம்மா சொன்னார். சாலைதான் சரியில்லை என்று நான் சொல்லிவிட்டு எண்பதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். செங்குறிச்சி நெருங்கும்போது அதிர்வு ஸ்டியரிங் வரை வந்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், வலது பின் டயரின் மேல்பரப்பு ஒரு முழத்திற்குப் பிரிந்து, உள்ளே கம்பி தெரிய வீங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு உளுந்தூர்பேட்டை வரை மெதுவாகச் சென்று, அங்கே ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். பிரிந்த டயரைக் கையில் வாங்கி, பட்டன்களுக்கு நடுவே விரலை ஓட்டிவிட்டு, “தம்பி, இது வெட்டுன டயர். எவன் கட்டி விட்டான் உங்களுக்கு?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. தேய்ந்து மொட்டையான டயரில் சூடேற்றிய கத்தியால் பள்ளங்களை மீண்டும் அறுத்து, மேலே கறுப்பு பாலிஷ் பூசிவிட்டால் பார்வைக்குப் புது டயர் போலவே இருக்கும் என்று அவர் விளக்கினார். அப்படி அறுப்பதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துத் தயாரிக்கப்படும் லாரி டயர்கள் உண்டு. கார் டயரில் அந்தக் கூடுதல் ரப்பர் கிடையாது. அறுக்கும் கத்தி நேராகக் கம்பி வலைக்கு அருகில் போய் நிற்கும்.

அவர் ஒன்றைக் காட்டினார், அதை மட்டும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டயரின் ஓரத்தில் சிறிய முக்கோணக் குறியோ அல்லது தேய்மானத்தைக் காட்டும் டிடபிள்யூஐ (TWI) என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால், குறுக்கே ஒரு சிறு ரப்பர் மேடு இருக்க வேண்டும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர், பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். என் டயரில் முக்கோணம் இருந்தது, மேடு இல்லை. கத்தி அதையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போயிருந்தது.

மற்ற மூன்றையும் கழற்றச் சொன்னேன். தேதி இருக்கும் முழுக் குறியீடு பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்குமாம். அந்தப் பக்கத்தை உட்புறமாகத் திருப்பி மாட்டிவிட்டால் வெளியே நிற்பவர் எப்படிப் பார்ப்பார்? பிரிந்த டயரின் உட்புறத்தில் 3115 என்று இருந்தது, அதாவது 2015ஆம் ஆண்டில் செய்தது. இன்னொன்றும் வெட்டிய டயர்தான்; அதில் அந்த நான்கு இலக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப்பட்டிருந்தது. மூன்றாவது வெட்டப்படவில்லை, ஆனால் பக்கச்சுவர் முழுவதும் மயிரிழை வெடிப்புகள், பாலிஷைத் துடைத்த பிறகுதான் தெரிந்தன. நான்காவது, அந்த ரப்பர் முடி டயர், நிஜமாகவே புதியது. ஆனால் அது 165/70 ஆர்14. என் காருக்கு உரியதைவிட விட்டத்தில் 33 மில்லிமீட்டர் குறைவு. பாரம் தாங்கும் குறியீடும் 85க்குப் பதில் 81, அதாவது 515 கிலோவுக்குப் பதில் 462 கிலோ. எனக்குக் காட்டப்பட்ட ஒரே நல்ல டயரும் என் காருக்கு ஆகாத டயர். தேதியைப் படிக்கத் தெரிந்த எனக்கு அளவைப் படிக்கத் தோன்றவில்லை. இதற்குத்தான் 12,600 ரூபாய்.

அன்றே கடைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். “ஓனர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்காரு சார், வந்ததும் பேசச் சொல்றேன்.” இரண்டு நாள் கழித்து அழைத்தபோது, நான் காற்று அதிகமாக வைத்துவிட்டேன் என்றார்கள். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுப்படிதான் வைத்தேன் என்றதும், அப்படியானால் பள்ளத்தில் விட்டிருப்பேன் என்றார்கள். புகைப்படங்களை அனுப்பினேன், இரண்டு நீலக் குறி விழுந்தது, அதற்குப் பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்கள்.

நேரில் போனேன். தேநீர் வாங்கிக் கொடுத்த அதே மனிதர் என்னைப் பார்த்ததே இல்லை என்பது போல “என்ன சைஸ் சார் வேணும்?” என்று கேட்டார். விசிட்டிங் கார்டை நீட்டினேன். அந்தக் கையெழுத்து வேலையை விட்டுப் போன பையனுடையது என்றார். அதைப் போட்டவரே அவர்தான்! இரண்டாவது முறை போனபோது, டயருக்கு 1,500 வீதம் மேலும் கொடுத்தால் வேறு டயர் மாற்றித் தருவதாக ஒரு சலுகை சொன்னார்கள். ஏமாந்தவனிடமே இன்னும் 6,000 கேட்கும் துணிவை என்னவென்று சொல்வது?

இன்று மூன்றாவது முறை. முன்னால் யாரும் இல்லாததால் கொட்டகையின் பின்பக்கம் போனேன். ரப்பர் கருகும் நாற்றம். பதினேழு, பதினெட்டு வயதிருக்கும் ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மின்கம்பியில் மாட்டிய கத்தியால் ஒரு கார் டயரில் அளவெடுத்தாற்போல் பள்ளம் அறுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாலிஷ் டப்பா, உப்புத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். நான் நன்றி சொல்லிவிட்டுக் கொடுத்த என் நான்கு மொட்டை டயர்களும் இப்போது யாருடைய காரில், யாருடைய குழந்தைகளைச் சுமந்து போகின்றனவோ என்ற நினைப்பு அங்கே நிற்கும்போதுதான் வந்தது. படம் எடுக்கக் கைப்பேசியை எடுப்பதற்குள் இரண்டு பேர் வந்து வெளியே போகச் சொன்னார்கள்.

விளம்பரம் வந்த செயலியிடமும் புகார் செய்தேன். தாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பவர்கள் மட்டுமே என்று ஒரு மணி நேரத்தில் தானியங்கிப் பதில் வந்தது. விளம்பரம் நீக்கப்பட்டுவிட்டது. அதே புகைப்படம், வேறு பெயர், வேறு எண்ணுடன் நேற்று இரவு மீண்டும் வந்திருக்கிறது. இப்போது 2,700 ரூபாயாம்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். மனம் ஓடவில்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான்கு டயர்களையும் மாட்டுவதற்கு முன்பே தரையில் வரிசையாகப் போடச் சொல்லி, இரண்டு பக்கமும் புரட்டி, நான்கிலும் தேதியையும் அளவையும் நீங்களே படியுங்கள். முக்கோணத்துக்கு நேரே மேடு இருக்கிறதா என்று பாருங்கள், ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். பாலிஷ் பூசியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பேசுங்கள். பில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் நெருக்கடியாக இருந்தால் இரண்டு புது டயர் மட்டும் வாங்கிப் பின்னால் மாட்டிக்கொண்டு, மற்ற இரண்டைப் பிறகு வாங்குங்கள். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த 12,600 ரூபாய்க்கே இரண்டு நல்ல டயர் வாங்கிவிட்டு மீதியைக் கையில் வைத்திருப்பேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்று புகார் பதிந்துவிட்டேன். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம்தான் என்றும், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை என்றும் வழக்கறிஞராக இருக்கும் மைத்துனர் சொல்கிறார். யூபிஐ பதிவு, எஸ்டிமேட் தாள், விசிட்டிங் கார்டு மூன்றையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த நான்கு டயர்களும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. “எதுக்கு வீட்ல வச்சிருக்கீங்க, எடைக்குப் போடுங்க” என்று மனைவி சொல்கிறார். வழக்கு முடியும்வரை போட மாட்டேன். முடிந்த பிறகும் நான்கையும் நடுவில் அறுத்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவேன்.