முனையில் துளை வைத்த ஏர் கன்: ஆறு மாதம் பிடித்துப் பார்த்ததில்

கம்பிரசரில் (காற்றை அழுத்தி வைக்கும் மெஷின்) மாட்டித் தூசு ஊதும் இந்தக் கன்னை, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். சாதா ஏர் கன் பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கே கிடைக்கும், கடைக்கார அண்ணன்கூட "எல்லாம் காத்துதானே தம்பி, எதுக்கு இது" என்று கேட்டார்.

காரணம் இருக்கிறது. முன்பு ஒரு செம்பனை ஆலைப் பட்டறையில் இருந்தேன், வேலை முடிந்தால் எல்லாரும் ஏர் கன்னால்தான் சட்டைத் தூசைத் தட்டுவோம். ஒரு நாள் பக்கத்தில் ஒருவர் அப்படி ஊதிக்கொள்ள, பறந்த இரும்புத் தூள் என் இடது கண்ணில் ஏறிவிட்டது, ஈப்போ வரைக்கும் போய்த்தான் எடுத்தார்கள். கண்ணோடு போனதே பெரிது. தோலில் சின்ன வெட்டு இருந்தாலும் அந்தக் காற்று உள்ளே புகுந்து, ரத்தத்தில் குமிழியாகி, ஆளையே கொல்லலாம். அங்கே இதை யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது.

சரி, கன்னுக்கு வருவோம். முனையின் பக்கவாட்டில் நான்கு சின்னத் துளைகள். கன்னின் வாயைப் பலகையில் வைத்து அழுத்தினால் காற்று அடைபடாமல் துளை வழியாக உஸ்ஸென்று வெளியேறிவிடுகிறது. கம்பிரசர் 100 பிஎஸ்ஐயில் (காற்றழுத்த அளவு) இருந்தாலும், முனை அடைபட்டால் அழுத்தம் 30 பிஎஸ்ஐக்குக் கீழேதான் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அமெரிக்க வேலையிடப் பாதுகாப்பு விதியும் துப்புரவுக்கு இதே 30ஐத்தான் சொல்கிறது, அதுவும் தெறிப்புத் தடுப்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் இருந்தால்தான்.

தடுப்புக்கு ஒரு பிளாஸ்டிக் வட்டு கூடவே வருகிறது. புல்வெட்டி மெஷினின் ஏர் ஃபில்டரை ஊதும்போது தூசு முகத்துக்குத் திரும்புவது நன்றாகவே குறைந்திருக்கிறது, ஆனாலும் கண்ணாடி போடாமல் நான் தொடுவதில்லை. டிராக்டர் ரேடியேட்டரில் காய்ந்த செம்மண்ணுக்கு இது போதாது, தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஹோஸ் மாட்டும் கப்ளிங் மூன்றாவது மாதமே கசிந்தது, புதிதாகப் போட்டேன். கழற்றும்போது வால்வை மூடி, கன்னின் விசையை அழுத்தி மிச்சக் காற்றை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஹோஸ் சாட்டை மாதிரி முகத்தில் அடிக்கும். வட்டு இப்போது கீறல் விழுந்து மங்கிவிட்டது, அது மட்டும் தனியாக விற்பதில்லையாம். அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த சரக்கில் இரண்டு கன் எனக்கு, ஒன்று என் தம்பியின் டயர் கடைக்கு.