திருச்சி, தஞ்சை, கும்பகோணம்: டெல்டாவில் எந்த ஊர் ஏன் வளர்ந்தது?

காசு இருந்தால் ஊர் வளரும் என்றால், கும்பகோணம்தான் முந்தியிருக்க வேண்டும். 1904-லேயே சொந்தமாக வங்கி தொடங்கிய ஊர். இன்றைய சிட்டி யூனியன் வங்கிக்குத் தலைமையகம் இன்னமும் அங்கேதான். பாத்திரம், வெற்றிலை, கோயில் கூட்டம் என்று வியாபாரத்துக்கும் குறைவில்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1.4 லட்சம்தான். மாநகராட்சி ஆனதே 2021-ல்.

தடையாக நிற்பது நிலம். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, சுற்றிலும் நஞ்சை. ஊருக்குள் பல தெருக்களில் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். மேலே நிற்கும் கட்டடம் மட்டும்தான் குடியிருப்பவருடையது. கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் பார்ப்பது பட்டாவையும் மூலப்பத்திரத்தையும். அப்புறம் எங்கே மாடி கட்டுவது?

ஆகவே பணம் வயலுக்குப் போகிறது. லாரி லாரியாகச் சவுடு கொட்டி, சாலை மட்டத்துக்கு மேடாக்கி, வீட்டுமனைக்குக் கல் நட்டுக் கொடி கட்டுகிறார்கள். குறுக்கே ஓடிய வாய்க்கால் சிமென்ட் குழாயாகச் சுருங்குகிறது. ஐப்பசி மழையில் வடிய வழியில்லாமல் பக்கத்து வயலில் தண்ணீர் நிற்கும். இரண்டு போகம் அழுகினால் அந்த வயலும் விலைக்கு வந்துவிடும். டெல்டாவைக் காக்க வந்த 2020-ன் வேளாண் மண்டலச் சட்டம் உருக்காலை, எண்ணெய்க் கிணறு போன்றவற்றைத்தான் குறிவைத்தது. வீட்டுமனை அதன் கண்ணில் படவில்லை.

திருச்சிக்கு வாய்த்தது மேட்டு நிலம். ரயில் முதலில் வந்தது நாகப்பட்டினத்துக்குத்தான். துறைமுகமும் பணிமனையும் கூட அங்கே இருந்தன. பணிமனை 1928 வாக்கில் திருச்சியின் பொன்மலைக்கு வந்துவிட்டது. 1960-களில் திருச்சியை ஒட்டிய திருவெறும்பூரில் பொதுத்துறை கொதிகலன் ஆலையான பெல் (BHEL) வந்தது. அதை நம்பித் துவாக்குடி வரை பட்டறைகள் முளைத்தன. பெல்லுக்கு ஆர்டர் குறைந்தால் அத்தனை பட்டறையும் தூங்கும், அது வேறு கதை. ஆனால் ஒரு பெரிய ஆலைக்கு ஒரே வளைப்பில் இடம் தர முடிந்ததே பாதி வெற்றி. (அடிமனைத் தகராறு ஸ்ரீரங்கத்திலும் உண்டு. ஆனால் திருச்சிக்கு ஸ்ரீரங்கத்தை விட்டால் வேறு பக்கம் இருக்கிறது.)

தஞ்சை இரண்டுக்கும் நடுவில். வடக்கே வயல், தெற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு. மருத்துவக் கல்லூரி, 1981-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம், புதிய பேருந்து நிலையம் எல்லாம் அந்தத் திசையில்தான் போயின. என் ஓட்டு இதற்குத்தான். திருச்சி அளவுக்குத் தொழில் வராது. கோடையில் தண்ணீருக்குச் சிரமம் உண்டு. ஆனாலும் ஒரு மா நஞ்சையும் அழியாமல் இன்னும் வெகுதூரம் விரிய இடமிருக்கிறது.

கும்பகோணத்துக்குப் புது மனை எதுவும் வேண்டாம். அடிமனைக்கு நியாயமான வாடகையும், வங்கி ஏற்கும்படியான நீண்டகாலக் குத்தகையும் வந்தாலே போதும். ஓடு சரிந்து பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திரும்பக் கட்டவே உள்ளூர்ப் பணத்துக்கு வேலை சரியாக இருக்கும்.