வேருக்குக் காற்று: மண்ணில்லாமல் செடி வளர்த்த மூன்று வருட அனுபவம்

வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில், அதாவது மண்ணுக்குப் பதில் சத்துக் கரைத்த தண்ணீரில், செடி வளர்க்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. புதிதாக இறங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: உரத்தைப் பற்றிப் படிக்கும் முன் வேருக்குக் காற்று எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். என் கையில் செத்த செடிகளில் பெரும்பாலானவை சத்துக் குறைவால் சாகவில்லை, வேர் மூச்சுத் திணறித்தான் செத்தன.

முதலில் வாங்கியது நான்கு குழாய், ஒரு பம்ப், 24 குழி கொண்ட அமைப்பு. குழாயின் அடியில் மெல்லிய ஓடையாகத் தண்ணீர் ஓடி வேரை நனைக்கும்; என்எஃப்டி என்பார்கள். முதல் மாதம் லெட்யூஸ் என்னும் சாலட் கீரை தளதளவென்று வந்தது. பிறகு ஒரு நாள் வேர்த்துணுக்குகள் அடைத்து பம்ப் நின்றுவிட்டது. வெளியே போயிருந்த நான் சாயங்காலம் திரும்பியபோது எல்லாச் செடியும் துவண்டு கிடந்தன. குழாயில் தண்ணீர் தேங்குவதில்லை என்பதால் ஓட்டம் நின்றால் சில மணி நேரம்தான் தாங்கும். பாதிக்குப் பாதிதான் தேறின. ஆரம்பிப்பவர்களுக்கு இந்த அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதன்பின் கிராட்கி முறைக்கு வந்தேன். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி வளர்த்தெடுத்த முறை இது. பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மூடியில் ஓட்டை போட்ட வாளி, அந்த ஓட்டையில் உட்காரும் துளைகள் கொண்ட சின்னக் கிண்ணம் (நெட் பாட்), நாற்று, சத்துக் கரைசல், அவ்வளவுதான். ஒரு லெட்யூஸுக்குச் சுமார் 4 லிட்டர் கரைசல் அறுவடை வரை போதும். தொடக்கத்தில் கரைசல் நெட் பாட்டின் அடியைத் தொட்டால் போதும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், மேலே ஈரக் காற்று நிரம்பிய இடைவெளி உண்டாகும். அங்கே தொங்கும் வேர்கள் காற்றை எடுக்கும், கீழே மூழ்கியவை தண்ணீரையும் சத்தையும் எடுக்கும்.

இதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். மட்டம் பாதிக்குக் கீழே போனதைப் பார்த்து, செடி பாவம் என்று நினைத்து மறுபடி விளிம்பு வரை ஊற்றினேன். இரண்டு மூன்று நாளில் செடி வாடியது. வாளி நிறையத் தண்ணீர், ஆனால் இலை தொங்குகிறது! காற்றுக்குப் பழகிய மேல்வேர்கள் முழுக்க மூழ்கிவிட்டன, காரணம் அதுதான். இப்போது ஊற்ற வேண்டி வந்தாலும் கொஞ்சம்தான் ஊற்றுவேன், மேல்வேர்களைத் தொடவிட மாட்டேன்.

வெயில் காலம் இன்னொரு பாடம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். ஆனால் சூட்டில் வேருக்கு ஆக்சிஜன் தேவை கூடத்தான் செய்யும். பித்தியம் போன்ற வேரழுகல் கிருமி புகுவது அந்த நேரத்தில்தான். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும். பழுப்பேறி, வழவழத்து, நாற்றம் வந்தால் காப்பாற்றுவது கடினம். வாளிகளை ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தேன். வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும் என்பதால் வெளிப்புறம் முதலில் கறுப்பு, அதன்மேல் சூடு ஏறாதிருக்க வெள்ளை பெயின்ட் அடித்தேன். என் செலவுகளிலேயே அதிகப் பலன் தந்தது இந்த பெயின்ட்தான்.

உரம் ஏ, பி என்று இரண்டாக வரும். இரண்டையும் அடர்கரைசலாக ஒன்றாகக் கலந்தால் கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். ஒன்றைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். லெட்யூஸுக்கு ஈசி, அதாவது கரைசலில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தல் அளவை, 1 மில்லிசீமன்ஸை ஒட்டி வைக்கிறேன்; அமில-கார அளவான பிஎச் 5.5 முதல் 6.5 வரை.

பிஎச் மீட்டர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் முனை காய்ந்து போனதைக் கவனிக்காமல் இரண்டு மாதம் தப்பான எண்ணை நம்பினேன். புது இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சத்து போதவில்லை என்று உரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். இரும்புச்சத்து கரைசலில் இருந்தும் பிஎச் 7ஐத் தாண்டியதால் செடியால் எடுக்க முடியவில்லை. இப்போது முனையை அதற்குரிய திரவத்திலேயே வைக்கிறேன், மாதம் ஒருமுறை பிஎச் 4, 7 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்க்கிறேன்.

“இது கெமிக்கல் கீரைதானே?” என்று பார்க்கிறவர்கள் கேட்பதுண்டு. மண்ணில் வளரும் செடியும் சத்தை நைட்ரேட்டாகவும் பொட்டாசியமாகவும்தான் வேர் வழியே எடுக்கிறது. தண்ணீரில் கரைத்த உப்புகளை மட்டும் கொண்டு செடியை வளர்க்கலாம் என்பதை ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்ற விஞ்ஞானிகள் 1860களிலேயே காட்டிவிட்டார்கள்.

லெட்யூஸ், பேசில் (துளசி வகை), புதினா மூன்றும் தொடங்க ஏற்றவை. பேசிலும் புதினாவும் வெட்டிய தண்டைத் தண்ணீரில் வைத்தாலே வேர் விடும். தக்காளி ஒருமுறை வைத்தேன். பெரிய வாளி, பலமான எல்இடி விளக்கு, வீட்டுக்குள் காற்று இல்லாததால் பூவைத் தினமும் கையால் தட்டிவிடும் வேலை. காய்த்தது, ஆனாலும் அந்த இடத்தில் நான்கு லெட்யூஸ் வளர்ப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் வாளியைக் கழுவி, நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவிட்டுத்தான் அடுத்த நாற்றை வைக்கிறேன். நெட் பாட்டின் துளைகளில் சிக்கிய பழைய வேரைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும், அழுகல் மறுபடி தொடங்குவது அங்கிருந்துதான்.