அம்மாவுக்கு ஐவிஐஜியா, ஸ்டீராய்டா?

அம்மாவுக்கு வந்தது சிஐடிபி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கைகால் நரம்புகளின் மேலுறையை அரிக்கும் வியாதி. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைக் காலில் செருப்போடு வீடு வந்து சேர்ந்த அன்றுதான் எங்களுக்கே உறைத்தது.

டாக்டர் சொன்னது இரண்டு வழி. ஐவிஐஜி, அதாவது தானம் தந்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) டிரிப்ஸாக ஏற்றுவது, சீக்கிரம் வேலை செய்யும்; எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மெதுவாக. ஒன்று விலை அதிகம், மற்றது பக்கவிளைவு அதிகம். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது தொடர்செலவு. அம்மா 60 கிலோ. ஐவிஐஜி முதல் டோஸ் கிலோவுக்கு 2 கிராம், ஆக 120 கிராம். 5 கிராம் பாட்டில் 24. நகையை அடகு வைத்தாவது ஒரு தடவை போட்டுவிடலாம், ஆனால் பலன் சில வாரங்களில் வடிந்துவிடுகிறது. அப்புறம் வழக்கமாக 3 வாரத்துக்கு ஒருமுறை 60 கிராம், 12 பாட்டில். வருஷத்துக்கு 17 தடவை, 204 பாட்டில். எப்போது நிறுத்தலாம் என்பதும் முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு தடவையும் படுக்கை, லீவு, ஆட்டோ தனி.

நாங்கள் போனது ஸ்டீராய்டு பக்கம். தினசரி மாத்திரை இல்லை, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 28 நாளுக்கு ஒருமுறை 4 நாள் மட்டும், நாளுக்கு 40 மி.கி., மொத்தம் 6 சுற்று. அந்த 4 நாளும் தூக்கம் கிடையாது, ராத்திரி 2 மணிக்குப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். சர்க்கரை 300-ஐத் தொட்டது. மூன்றாவது சுற்று முடிந்தபின் புடவைக் கொசுவத்தை அவரே மடித்துச் செருகினார். ஏற்கெனவே சர்க்கரை இருப்பவர்களுக்கு இதைத் துணிந்து சொல்லமாட்டேன்.

ஒரு ரத்தப் பரிசோதனை இந்தக் கணக்கையே புரட்டிவிடும். நரம்புறையின் ஓரத்தைப் பிடித்து வைத்திருக்கும் நியூரோஃபேசின் 155 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால், அது பெரும்பாலும் ஐஜிஜி4 என்ற ஆன்டிபாடி வகை. அதனிடம் ஐவிஐஜி அநேகமாக எடுபடாது, அவ்வளவு பாட்டிலும் வீண். இள வயசு, கை நடுக்கம், தள்ளாட்டம் என்றால் இந்தச் சந்தேகம் வரும். அங்கே ரிட்டுக்ஸிமேப் என்ற, ஆன்டிபாடி உருவாக வழிசெய்யும் ரத்த அணுக்களைக் குறைக்கும் மருந்து நன்றாகக் கேட்கிறது என்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த மருந்து தேவைப்படவில்லை, அதனால் கேள்விப்பட்டதோடு சரி.

இதற்கு நேர்மாறு எம்எம்என் என்ற இன்னொரு நரம்பு வியாதி. மரத்துப்போகாமல் பெரும்பாலும் கை பலவீனமாகும், பலருக்கு நரம்பிலுள்ள ஜிஎம்1 என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். அதில் ஸ்டீராய்டு பலவீனத்தைக் கூட்டிவிடலாம். அவர்களுக்கு ஐவிஐஜிதான், எங்கள் வழி வேண்டாம்.

அம்மாவுக்கு இந்த இரண்டு ஆன்டிபாடியுமே நெகடிவ். அந்த ரிப்போர்ட் வந்த பிறகுதான் டாக்டர் முதல் மாத்திரைக்குச் சீட்டு எழுதினார்.