கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தை: புதுசா செம்மறிப் பட்டி போடுறவங்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

எடப்பாடிப் பக்கம் கொங்கணாபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு அறிமுகம் தேவையில்லை. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிற கூட்டம் ஒருபக்கம், குட்டி ஆடுகளைத் தோளில் போட்டு வருகிறவர்கள் ஒருபக்கம். கறிக்கு வாங்குகிற வியாபாரிக்கு இது தோதான இடம். ஆனால் 20 பெட்டையாடு, ஒரு கிடா, காவலுக்கு ஒரு நாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டு முதல்முறை வருகிறவருக்கு எப்படி? பெட்டையாட்டுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். கிடாவுக்கு ஒன்றுதான். நாய்க்கு மதிப்பெண்ணே கிடையாது, ஆனாலும் நாய் வேண்டுமென்றால் இங்கே ஒருமுறை வந்துதான் ஆகவேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் நேரம். வெள்ளென வந்துவிட வேண்டும். வெயில் ஏறியபின் மிச்சமிருப்பது பெரும்பாலும் நாலு பேர் பார்த்துக் கழித்துவிட்ட ஆடுதான். விடியற்காலையில் இன்னொரு வசதியும் உண்டு: வண்டியிலிருந்து ஆடு இறங்குவதைப் பார்க்கலாம். இறங்கி நாலு எட்டு நடக்கும்போதே நொண்டல், இருமல், மூக்கொழுகல் எல்லாம் தெரிந்துவிடும். கயிற்றில் கட்டி, தழையைப் போட்டு நிறுத்திவிட்டால் எந்த ஆடும் நல்ல ஆடாகத்தான் தெரியும்.

எந்த மாதம் வாங்குவது என்பதும் பணம்தான். பக்ரீத், ஆடிப் பதினெட்டு, தீபாவளி, பொங்கல் இவற்றுக்கு முந்தைய மூன்று வாரம் வளர்ப்புக்காரர் சந்தைப் பக்கமே தலைவைக்கக் கூடாது. கறி விலையோடு போட்டி போட முடியாது. புரட்டாசியில் கறிக்கடை மந்தமாகும்போது விலை இறங்கும். மாதத் தொடக்கத்திலேயே வாங்கினால்தான் ஐப்பசி மழைக்குள் தடுப்பூசிகளையும் கொட்டகைத் தரையையும் முடிக்க முடியும். மழை பிடித்தபின் வாங்கினால் நீலநாக்கு நோயும் குடற்புழுவும் சேர்ந்தே வீடு வரும்.

இங்கே வருகிற செம்மறியில் நமக்கு வேண்டியது மேச்சேரி. இளம்பழுப்பு அல்லது அடர்பழுப்பு நிறம், கம்பளி இல்லாத குட்டை முடி, கறியும் தோலும் பேர்போனவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி ஏமாற்று போச்சு. செந்நிறத்தில் கம்பீரமாக ஒரு கிடா, முறுக்கிய கொம்போடு நின்றால், தரகர் "அசல் மேச்சேரிங்க" என்று சத்தியம் பண்ணினாலும், அது சென்னைச் சிவப்பு மாதிரி கொம்புள்ள வேறு இனத்தின் கலப்பாகத்தான் இருக்கும்.

பல் பார்ப்பதில் தயக்கமே கூடாது. கீழுதட்டை இறக்கினால் முன்பற்கள் எட்டு தெரியும். எல்லாம் சின்னப் பால்பல் என்றால் ஒரு வயசுக்கு உட்பட்டது. நடுவில் ரெண்டு பெரிய பல் வந்திருந்தால் ஒன்று முதல் ஒன்றரை, நாலு பல் என்றால் ரெண்டு வயசை ஒட்டி, ஆறு பல் ரெண்டரையிலிருந்து மூன்று, எட்டும் விழுந்து முளைத்திருந்தால் மூன்றரைக்கு மேல். பட்டிக்கு எடுக்க வேண்டியது ரெண்டு பல்லும் நாலு பல்லும். பல் இடைவெளி விட்டு நீண்டிருந்தால் கிழடு. விலை எவ்வளவு குறைந்தாலும் மேய்ச்சலில் புல்லைக் கடிக்க முடியாது, குட்டிக்குப் பாலும் இருக்காது.

அடுத்தது கண். கீழ் இமையைக் கட்டைவிரலால் இறக்கி உள்சவ்வைப் பாருங்கள். சிவப்போ நல்ல ரோஸோ இருந்தால் சரி. வெளிறி வெள்ளைத்தாள் மாதிரி இருந்தால் இரைப்பைப் புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அதோடு தாடைக்கடியில் நீர்கோத்த வீக்கமும் இருந்தால் அந்த ஆட்டை விட்டு நகர்ந்துவிடலாம். மடியைக் கையால் பிசைந்து பார்க்க வேண்டும். இரண்டு காம்பும் திறந்திருக்கணும், உள்ளே கல் மாதிரிக் கட்டி இருந்தால் பழைய மடிவீக்கம். மடி புடைத்துப் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்; முதல்நாள் பால் ஊட்டாமல் விட்டாலே அப்படித்தான் இருக்கும். "தாயும் குட்டியுங்க, சோடி" என்று விற்கும்போது குட்டியை அவிழ்த்து விடச் சொல்லுங்கள். சொந்தக் குட்டி நேராக மடிக்குப் போகும், தாய் அதன் வால்பக்கம் மோந்து பார்த்து நிற்கும். முட்டித் தள்ளினால் அந்தச் சோடி சந்தையில் சேர்ந்தது.

இங்கே பெரும்பாலும் கண்மதிப்பு வியாபாரம்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணே தராசு. புதியவருக்குத் தையல்காரர் டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். தோள்முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்தில் துருத்தும் பின்பக்க எலும்பு வரை நீளம் எடுக்க வேண்டும். இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் உத்தேச கிலோ கணக்கு வரும். நெஞ்சு 27, நீளம் 25 என்றால் ஏறக்குறைய 27½ கிலோ. உப்பு வைத்துத் தண்ணீர் காட்டி வயிற்றை முட்ட நிரப்பிக்கொண்டு வருவது பழைய வித்தை. அந்தத் தண்ணீர் வயிற்றில்தான் நிற்கும், நெஞ்சுச் சுற்றளவைப் பெரிதாக மாற்றாது. அதனால்தான் தண்ணீர் காட்டிய ஆட்டுக்கு இந்த அளவு தராசைவிட நம்பகம்.

20 ஆட்டையும் ஒரே நாளில் பத்துப் பேரிடம் பொறுக்குவதுதான் இங்கே பெரும்பாலோர் செய்வது. பத்துப் பட்டி நோயும் ஒரே பட்டிக்கு வந்து சேரும். ஒரே ஆளிடம் ஏழெட்டு ஆடு இருந்தால் அவரிடமே முடித்து, மீதியை அவர் ஊருக்கே போய் வாங்குவது மேல். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

கிடாவை இங்கே வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு. நல்ல கிடாவைச் சந்தைக்குப் பிடித்து வர யாருக்கும் மனசு வராது. வருவது கறிக்கு வளர்த்ததோ, பட்டியில் கழித்ததோதான். மேச்சேரிப் பக்கம் பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இனக்கிடா வேண்டுமென்றால் முதலில் அங்கே கேட்டுப் பதிந்துவைப்பது நல்லது, காத்திருக்க வேண்டிவரும். ஒரு கிடாவுக்கு 25 பெட்டை வரை விடலாம். விரை இரண்டும் ஒரே அளவில், கட்டி இல்லாமல், விறைப்பாக இருக்கணும். ரெண்டு வருசத்தில் கிடாவை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மகளையே சினைப்படுத்தும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கிடா விட்ட தேதியைக் காலண்டரில் எழுதிவைத்தால் குட்டி ஈனும் வாரம் தெரியும்.

வண்டி ஏற்றுவதில் அவசரப்பட்டால் காசு கரையும். 8 அடிக்கு 5 அடித் தொட்டியில் 14 ஆட்டுக்கு மேல் வேண்டாம். தொட்டியில் மணலோ வைக்கோலோ பரப்புங்கள். வழுக்கி விழுந்ததை மற்றவை மிதிக்கும். வீடு வந்ததும் கம்பு, மக்காச்சோளம் என்று தானியம் கொட்டுவதுதான் பெரிய தப்பு. பசியில் அள்ளித் தின்றுவிட்டு மறுநாள் வயிறு உப்பிக் கிடக்கும், குடலில் நச்சு சேரும் துள்ளுமாரி நோயும் வரும். முதல் நாள் வெல்லத்தண்ணீரும் சோளத்தட்டும் போதும். பழைய ஆடு இருந்தால் 21 நாள் தனிப்பட்டி, தனித் தொட்டி. ஆட்டுக்கொல்லி நோய் உள்ளே இருந்தால் அதற்குள் காய்ச்சல், கண் பீளை, கழிச்சல் என்று வெளியே தெரிந்துவிடும். விற்றவர் "எல்லா ஊசியும் போட்டாச்சுங்க" என்றாலும் போடாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவரைக் கேட்டு ஆட்டுக்கொல்லி ஊசி முதலில், இரண்டு வாரம் கழித்துத் துள்ளுமாரி ஊசி. இன்னொன்று: மாட்டுக்கு வைக்கும் தாது உப்புக் கலவையைச் செம்மறிக்கு வைக்கக் கூடாது. அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து ஒருநாள் திடீரென்று ஆட்டையே சாய்த்துவிடும்.

இனி நாய். கொங்கு நாட்டில் ஆட்டை ஓட்டுவது ஆள்தான். நாயின் வேலை காவல். யூடியூப்பில் பார்டர் காலி நாய் தவழ்ந்து தவழ்ந்து ஆட்டைச் சுற்றி வளைப்பதைப் பார்த்துவிட்டு அதைத் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பச்சைப் புல்மலையில் நூற்றுக்கணக்கான ஆட்டைத் திரட்ட வளர்த்தெடுத்த சாதி அது. 20 ஆட்டுப் பட்டியில் வேலை இல்லாமல் நாள் முழுக்க ஆட்டையே வெறித்து விரட்டிக்கொண்டிருக்கும். நம்ம ஆடு அந்தப் பார்வைக்குப் பழகாதது, வேலியோரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கும். அடர்ந்த முடிக்குப் பங்குனி வெயிலும் ஆகாது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டை நாய்கள். ஓடுகிறதைக் கண்டால் கால் நிற்காது. ராஜபாளையம் நல்ல காவல்தான், ஆனால் வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு. பின்னால் நின்று கைதட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பட்டிக்குச் சரியானது பட்டியிலேயே பிறந்த நாட்டு நாய்.

சந்தை உதவுவது இங்கேதான். ஆடு விற்க வந்த ஆட்டுக்காரரிடம், "உங்க பட்டியில நாய் குட்டி போட்டிருக்குங்களா?" என்று கேளுங்கள். அவர் பட்டியில் இல்லையென்றாலும் யார் பட்டியில் என்று சொல்லிவிடுவார். அந்த ஊருக்குப் போய்த் தாய் நாயைப் பாருங்கள். ஆடு நடுவே அது படுத்துக்கிடந்து, உங்களைக் கண்டு எழுந்து குரைத்தால் அந்தக் குட்டியை எடுக்கலாம். ஆட்டைத் துரத்திக்கொண்டு வந்து குரைத்தால் திரும்பிவிடுங்கள்.

எட்டு வாரத்தில் குட்டியை எடுத்து நேரே பட்டிக்குக் கொண்டுபோக வேண்டும், வீட்டுக்கல்ல. வீட்டில் பிள்ளைகளோடு ஒரு மாதம் விளையாடிய குட்டிக்கு அப்புறம் ஆடு அந்நியம். பட்டி மூலையில் 4 அடிக்கு 4 அடி வலைத்தடுப்பு. அதற்குள் நாய்க்குட்டி, தடுப்பை ஒட்டி மூன்று நாலு சாதுவான ஆட்டுக்குட்டிகள். குட்டி ஈன்ற தாயாட்டைச் சேர்க்க வேண்டாம். முட்டி விலாவை உடைத்தால் நாய்க்குட்டி ஆயுசுக்கும் ஆட்டைக் கண்டு ஒதுங்கும். நாலு மாதம் வரை சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயே. காலை மாலை பத்து நிமிசம் கயிற்றோடு ஆடுகளுக்கு நடுவே நடத்துங்கள். படுத்தால் தடவிக்கொடுங்கள். காதைக் கவ்வினால், வாலை இழுத்தால், "விடு" என்று ஒரே சொல்லும் கயிற்றில் ஒரு சுண்டலும். ஆட்டின் பக்கத்தில் வைத்து அடிக்க ஆரம்பித்தால் அடியையும் ஆட்டையும் சேர்த்தே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

ஐந்து மாதத்திலிருந்து பத்து மாதம் வரைதான் கெட்ட காலம். விளையாட்டாகத் துரத்தும், அந்த ருசி பிடித்துவிட்டால் மாற்றுவது கடினம். ஆள் இல்லாத நேரத்தில் தடுப்புக்குள், ஆள் இருந்தால் 15 அடிக் கயிறு தரையில் இழுபட விட வேண்டும். பாய்ந்தால் கயிற்றை மிதித்தால் போதும். கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடுவது பழைய வழக்கம். வேகம் குறையும், ஆனால் நாயின் முன்கால் முட்டி அடிபடும். ஒரே ஈற்றில் இரண்டு குட்டி எடுப்பது இந்த வயசில்தான் வினையாகும்: ஒன்று துரத்தினால் இன்னொன்று மறிக்கும். இரண்டாவது நாயை ஒரு வருசம் தள்ளி எடுங்கள். ஆடுகளின் முதல் ஈற்றுக் காலத்தில் நாயைத் தள்ளிக் கட்டி, பார்க்க மட்டும் விடுங்கள். ஒன்றரை, இரண்டு வயசுக்கு முன் ராத்திரி முழுப்பொறுப்பையும் ஒப்படைக்க முடியாது.

நஞ்சுக்கொடி, செத்த குட்டி, ஆட்டுத்தலை எதையும் நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள், சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். ஆட்டு மூளையிலுள்ள நீர்க்கட்டியை நாய் தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளரும், அதன் முட்டை புல்லில் விழும், அதைத் தின்ற ஆடு தலையைச் சாய்த்து ஒரே இடத்தில் சுற்றும். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழு மருந்தான பிராசிகுவாண்டெல், கிலோவுக்கு 5 மில்லிகிராம். வெறிநாய் ஊசி மூன்று மாத வயசில், ஒரு மாதத்தில் மறு ஊசி, பிறகு வருசாவருசம். ராத்திரி கூட்டமாக வரும் தெருநாய்களை ஒற்றைப் பட்டி நாய் தனியாக விரட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். படல் தாண்டிக் குதிக்கிற உயரம்தான், 5 அடிக் கம்பிவலை வேண்டும். நாய் குரைத்து ஆளை எழுப்பும். மீதி டார்ச்சும் தடியும்.

சந்தைக்கு வரும்போது டேப், சில்லறையோடு ரொக்கம், ஆட்டுக்கு ஒரு கயிறு எடுத்துவாருங்கள். சந்தையில் தரும் சுங்கச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், வழியில் வண்டியை நிறுத்தினால் காட்ட வேண்டும். செருப்பையும் வண்டித் தொட்டியையும் பட்டிக்குள் நுழையுமுன் சலவைச் சோடாக் கரைசலில் கழுவுங்கள். அன்றைக்கு எதுவும் வாங்காமல் திரும்பினாலும் கழுவத்தான் வேண்டும்.