பழி வாங்காத பேய்: 'கோஸ்ட் பாய்ஸ்' பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பேய்க்கதை என்று நினைத்துத்தான் வாங்கினேன். பையனுக்குப் பதினொரு வயது, இரண்டு மாதமாகப் பேய்க்கதை வேண்டும் பேய்க்கதை வேண்டும் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தான், பேரில் 'கோஸ்ட்' இருக்கிறதே என்று பின்னட்டையைக்கூடச் சரியாகப் படிக்காமல் ஆர்டர் போட்டுவிட்டேன். அனுப்பியவர்கள் மெல்லிய உறையில் திணித்து அனுப்பியதில் ஒரு மூலை மடங்கித்தான் வந்து சேர்ந்தது. அது போகட்டும். மடங்காத புத்தகமாக இருந்தாலும் எங்கள் வீட்டில் இதற்குள் மடங்கியிருக்கும், அத்தனை முறை கை மாறிவிட்டது.

ஜுவல் பார்க்கர் ரோட்ஸ் எழுதி 2018-ல் வந்த நாவல். சுமார் இருநூறு பக்கம், குட்டிக் குட்டி அத்தியாயங்கள். முதல் பக்கத்திலேயே ஜெரோம் என்ற பன்னிரண்டு வயதுக் கறுப்பினப் பையன் செத்துக் கிடக்கிறான், கிடக்கும் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இடம் சிகாகோ. கையில் பொம்மைத் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவனை நிஜத் துப்பாக்கி என்று சொல்லி ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் சுட்டுவிட்டார். அம்மா, அப்பா, தங்கை, பாட்டி எல்லாரும் அழுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறான், யார் கண்ணுக்கும் அவன் தெரியவில்லை. ஒரே ஒருத்தி கண்ணுக்குத் தெரிகிறான், அவள் சுட்டவருடைய மகள் சாரா. இதற்கு நடுவில் இன்னொரு பேய்ப் பையன் துணைக்கு வந்து சேர்கிறான். அவன் பேர் எம்மெட் டில். இந்த இரண்டாவது பையன் கற்பனை இல்லை, 1955-ல் மிசிசிப்பியில் நிஜமாகவே கொல்லப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பையன் தனக்குத் தெரிந்த தமிழில் இந்தக் கதையை அப்பத்தாவுக்குச் சொன்னான். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்புறம்? அந்தப் போலீஸ்காரனப் போயி ஆட்டுச்சா?" என்றார்.

"இல்ல அப்பத்தா."

"ராத்திரி போயி கழுத்தையாச்சும் நெரிச்சுச்சா?"

"இல்ல. போலீஸோட பொண்ணுகிட்ட போயி பேசுச்சு."

"பேசுச்சா? என்னடா பேயி இது, சும்மா சுத்துது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்தப் புத்தகத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் கேட்டுவிட முடியாது. ஆயுசு முடியாமல் போனவன் ஆவியாக அலைவான், அலைந்தால் பழி தீர்ப்பான், தீர்த்தால்தான் அடங்குவான் என்றுதான் நாமெல்லாம் கேட்டு வளர்ந்தோம். எங்கள் பக்கம் அநியாயமாகச் செத்தவனுக்குக் கல் நட்டுப் பொங்கலே வைத்துவிடுவார்கள். ஜெரோம் யார் மேலும் இறங்குவதில்லை, ஒரு கதவைக்கூட அடித்துச் சாத்துவதில்லை. அவனுக்கு இருக்கும் ஒரே வேலை, தன்னைப் பார்க்கக்கூடிய ஒருத்தியைப் பார்க்க வைப்பது. விசாரணை நடக்கிறது, சுட்டவர் மேல் வழக்குப் போடுமளவுக்குச் சாட்சியம் இல்லை என்று முடிகிறது, பேய் கோர்ட்டிலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் என் பையன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். பேய்க்கதையில் அவன் பயந்த ஒரே இடம் அதுதான், அங்கே பேய் எதுவுமே செய்யவில்லை.

அத்தியாயங்கள் செத்த பிறகு, உயிரோடு இருந்தபோது என்று மாறி மாறி வருகின்றன. இது எனக்கு ஒரு உத்தியாகத்தான் பட்டது. பையன், உயிரோடு இருக்கிற அத்தியாயங்களை மட்டும் முதலில் படித்துவிடட்டுமா என்று கேட்டான். சரி என்றேன். பள்ளியில் மூன்று பேர் ஜெரோமைப் படுத்துவது, டெக்சாஸிலிருந்து புதிதாக வந்து சேரும் கார்லோஸ் அவனுக்குத் தோழனாவது, கழிப்பறையில் ரவுடிப் பையன்களை மிரட்ட கார்லோஸ் பொம்மைத் துப்பாக்கியை எடுப்பது, பிறகு அதையே ஜெரோமிடம் விளையாடக் கொடுப்பது என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போனவன், ஒரு கட்டத்துக்கு மேல் நகரவில்லை. விரலைப் பக்கத்தில் வைத்தபடியே என்னிடம் வந்தான்.

எங்கள் வீட்டிலும் ஒரு பொம்மைத் துப்பாக்கி உண்டு, ஸ்பாஞ்ச் குண்டு சுடுவது, குழல் முனையில் ஆரஞ்சு நிறம். அதைத் தேடி எடுத்துவந்து முனையைத் தடவிக் காட்டி, "இது இருந்தா ஓகேவாப்பா?" என்றான். அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கி என்று தெரிவதற்காகத்தான் அந்த ஆரஞ்சு முனை. 2014 நவம்பர் 22 அன்று கிளீவ்லாந்தில் தமீர் ரைஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் பூங்காவில் வைத்திருந்த பொம்மையில் அது இல்லை. போலீஸ் வண்டி வந்து நின்ற இரண்டு நொடிக்குள் சுட்டுவிட்டார்கள். சுட்ட பிறகு வயர்லெஸ்ஸில் அவனுக்கு வயது இருபது இருக்கலாம் என்று சொன்னார்கள். அடுத்த வருடம் டிசம்பரில், வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி வழக்கு வேண்டாம் என்றுவிட்டது. ஜெரோமின் கதைக்கு அடியில் கிடப்பது இந்தச் சாவுதான், ஆசிரியர் பின்னுரையிலேயே தமீரைச் சொல்கிறார். ஆரஞ்சு முனை இருந்தால் ஓகேவா என்ற கேள்விக்கு என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இருபது வயசுன்னு நினைச்சுட்டாங்கடா என்று மட்டும் சொன்னேன், அவன் தன் கையையும் காலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். கதையிலும் இதேதான். அப்பா ஆபத்தான ஆள் என்று சொன்னதை நம்பியிருந்த சாராவின் எதிரே வந்து நிற்பது அவள் வயதுப் பையன்.

இனி குறைகள். முதல் குறை, எம்மெட் டில் கதை கடைசிப் பகுதி வரை ஒத்திப்போடப்பட்டு, வரும்போது வேகமாக வந்து போய்விடுகிறது. பிள்ளைகளுக்கு எழுதும்போது எவ்வளவு சொல்லலாம் என்ற தயக்கம் புரிகிறது, ஆனாலும் அவனுடைய அம்மா மேமி டில்லுக்கு இன்னும் நாலு பக்கம் கொடுத்திருக்கலாம். எம்மெட்டும் சிகாகோக்காரன்தான். 1955 ஆகஸ்டில் தாத்தா முறை உறவினர் மோஸ் ரைட் வீட்டுக்கு மிசிசிப்பியில் மனி என்ற சிற்றூருக்கு விடுமுறைக்குப் போனான். அங்கே ஒரு மளிகைக் கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறைகேடாக நடந்தான் என்று சொல்லி, ஆகஸ்ட் 28 நள்ளிரவு கடந்து அவள் புருஷன் ராய் பிரயன்ட்டும் அவனுடைய அம்மாவுக்கு வேறு புருஷன் மூலம் பிறந்த அண்ணன் மைலமும் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து டல்லஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது, கழுத்தில் பஞ்சாலை இரும்பு விசிறியை முள்கம்பியால் கட்டியிருந்தார்கள். முகம் அடையாளம் தெரியாததால் விரலில் இருந்த அப்பாவின் மோதிரத்தை வைத்துத்தான் உறுதி செய்தார்கள். அந்த அம்மா பெட்டியை மூட விடவில்லை. என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று ஊர் பார்க்கட்டும் என்று சிகாகோவில் திறந்த பெட்டியோடு வைத்தார், பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், 'ஜெட்' பத்திரிகை படத்தைப் போட்டது.

கோர்ட்டில் மோஸ் ரைட் எழுந்து நின்று குற்றவாளிகளைக் கைநீட்டிக் காட்டினார். அந்த ஊரில் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினக் கிழவர் இப்படிச் செய்வது உயிரோடு விளையாடுவது. பன்னிரண்டு ஜூரிகளும் வெள்ளைக்கார ஆண்கள், 67 நிமிடத்தில் குற்றமில்லை என்று வந்துவிட்டார்கள். நடுவில் சோடா குடிக்க நிற்காவிட்டால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. சில மாதம் கழித்து அந்த இரண்டு பேரும் காசு வாங்கிக்கொண்டு 'லுக்' பத்திரிகையில் நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள், ஒரே குற்றத்துக்கு இரண்டாவது முறை வழக்குப் போட முடியாது என்ற சட்டம் இருக்கிறதே.

இதையெல்லாம் நான்தான் பையனுக்கு உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. சோடா விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னேன். அவனாகத் தேடிக் கண்டுபிடித்தது இன்னொன்று. உடல் கிடைத்த ஆற்றங்கரையில் வைத்த நினைவுப் பலகையைத் திருடினார்கள், மறுபடி வைத்தால் சுட்டுச் சுட்டுத் துளைத்தார்கள், கடைசியில் 2019-ல் குண்டு துளைக்காத எஃகுப் பலகை வைக்க வேண்டியதாயிற்று, எடை 200 கிலோவுக்கு மேல். துளை விழுந்த பழைய பலகையின் படத்தை அவன் பெரிதாக்கி ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். நாவலில் இதற்கு இடம் இல்லைதான், ஆனால் பேய் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தப் படத்தைப் பார்த்தபோது.

இரண்டாவது குறை கொஞ்சம் பெரியது. ஜெரோம் ரொம்ப நல்ல பிள்ளை. சொன்ன பேச்சு கேட்பான், வம்புக்குப் போக மாட்டான், பாட்டிக்குச் செல்லம். சுடப்பட்டவன் ஒரு சேட்டைக்காரனாக, வாய்க்கொழுப்பு உள்ளவனாக, பரீட்சையில் கோட்டை விடுகிறவனாக இருந்திருந்தால் இரக்கம் குறைந்துவிடுமோ என்று ஆசிரியருக்கே ஒரு பயம் இருந்த மாதிரி தெரிகிறது. நிஜத்தில் செத்த பிள்ளைகள் எல்லாரும் இப்படிப் பாலில் குளித்தவர்கள் இல்லை, இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

அப்புறம் சாரா. அவள் மாறுகிறாள், அப்பாவோடு சண்டை போடுகிறாள், தேடிப் படிக்கிறாள், ஜெரோமைப் பற்றி மற்றவர்களுக்கும் தெரியவேண்டும் என்று வேலை செய்கிறாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், அப்பாவை வெறுக்கவும் முடியாமல் நம்பவும் முடியாமல் அவள் தவிப்பது உண்மையாக இருக்கிறது. ஆனால் பாவம், ஜெரோமுக்குச் செத்த பிறகும் வீட்டுப்பாடம். சுட்டவன் வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் சுடப்பட்டவன் தலையிலேயே விழுகிறது. இது சில வாசகர்களுக்கு எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருந்தது. என் மனைவி இதை ஒத்துக்கொள்ளவில்லை, வேறு யார்தான் சொல்வார்கள் என்கிறாள்.

மனதில் நின்றது கார்லோஸும் பாட்டியும். பொம்மையைக் கொடுத்தது தான்தான் என்ற பாரத்தோடு அந்தப் பையன் வந்து நிற்கும் இடமும், பாட்டி அவனை நடத்தும் விதமும் நாவலிலேயே சிறந்த பக்கங்கள். கடைசியில் மெக்சிகோக்காரர்களின் இறந்தோர் நாள் வருகிறது, நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாள் வைக்கிறார்களே, அதே சமயம்தான். இன்னொன்று, பாட்டி பேரனிடம் மூன்று நல்ல விஷயம் சொல்லு என்று கேட்கும் பழக்கம். இது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது, பையன் தினமும் முதல் விஷயமாக மதியச் சாப்பாட்டையே சொல்லி ஓட்டுகிறான்.

2021-ல் ஃப்ளோரிடாவில் ப்ரோவர்ட் மாவட்டத்தில் போலீஸ் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று எதிர்த்தார்கள், போலீஸ் என்றாலே கெட்டவர்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடுமாம். படித்துவிட்டுச் சொல்கிறேன், சுட்ட மூர் என்ற அந்தப் போலீஸ்காரரை ரோட்ஸ் அரக்கனாக எழுதவில்லை. மகள் முன்னால் தலை நிமிர முடியாத ஒரு சாதாரண அப்பாவாகத்தான் எழுதியிருக்கிறார், அது அரக்கனைவிட மோசம்.

பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்பேன். இங்கிலீஷ் ரொம்ப எளிது, சின்னச் சின்ன வாக்கியம், ஊரில் ஆறாம் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் அகராதி இல்லாமலே படித்துவிடலாம், படிக்கிறேன் பேர்வழி என்று தனியாக அறையில் விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான். தூங்கப் போகும் முன் படிக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் முதல் நாள் அந்தத் தப்பைச் செய்து பதினொரு மணி வரை விளக்கை அணைக்க விடவில்லை.

ஐந்துக்கு நான்கு. பையன் நாலரை போடச் சொல்கிறான், அந்த அரை கார்லோஸுக்காம். அம்மாவிடம் கேட்டேன், "அந்தப் பேய்க்கு ஒண்ணு குடு, அந்தக் கெழவிக்கு அஞ்சு குடு" என்கிறார்.