சுங்கை சிப்புட்டில் பின்பால்: மேசை இரண்டுதான், பராமரிப்பு அருமை

பழைய கடைவீட்டின் கீழ்த்தளம், முன்னால் அஞ்சடி, உள்ளே இரண்டே பின்பால் மேசைகள். சாய்ந்த மேசையில் எஃகுக் குண்டை அடித்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் இது. ஆட்டத்துக்கு இரண்டு வெள்ளி.

முதலாவது, காட்லீப் என்ற அமெரிக்க நிறுவனம் 1970களில் செய்த மேசை. கணினிப் பலகை கிடையாது. ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சும் மோட்டாரும்தான் எல்லாம். புள்ளி ஏறும்போது எண் உருளை டக்கென்று புரளும், உள்ளே மணி அடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே போகலாம். பக்கத்தில் வில்லியம்ஸ் நிறுவனத்தின் ஹை ஸ்பீட் மேசை, 1986இல் வந்தது. பல இடங்களில் இரண்டு வகையையும் ஒரே சாய்வில் நிறுத்திவிடுவார்கள். பழைய மேசைக்குச் சுமார் 3.5 டிகிரி போதும், ஹை ஸ்பீடுக்கு 6.5 வேண்டும். பழையதை அதிகம் சாய்த்தால் பந்தை மேலே ஏற்ற பிளிப்பருக்கு, அதாவது பந்தை அடிக்கும் துடுப்புக்கு, பலம் பற்றாது. இங்கே கால் திருகுகளைப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

ரப்பர் வளையங்கள் புதியவை. பால்மரம் சீவி வளர்ந்த ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது: இந்தப் புழுக்கத்தில் இயற்கை ரப்பர் சீக்கிரம் இறுகி வெடிக்கும், பந்து துள்ளாமல் செத்து விழும். பந்துகளும் பளபளவென்று இருக்கின்றன. 27 மில்லிமீட்டர், 80 கிராம் எஃகுக் குண்டு அது. துரு ஏறினால் உப்புத்தாள் மாதிரி மேசை ஓவியத்தையே தேய்த்துவிடும்.

குறை ஒன்று உண்டு. ஹை ஸ்பீடில் ஒரு பிளிப்பர் சோர்ந்திருக்கிறது. பந்து சரிவுப்பாதையில் பாதி ஏறித் திரும்புகிறது. உடனே பிளிப்பரை இயக்கும் கம்பிச்சுருளை மாற்ற வேண்டாம். பிளிப்பர் எழும்பி முடியும்போது திறக்கும் சுவிட்சை முதலில் பார்க்க வேண்டும். ஓய்வில் அது நன்றாக மூடியிருந்தால்தான் அடிக்கும்போது முழு மின்சாரம் போகும். முனை கருகியிருந்தால் அடியில் வேகம் இருக்காது. மின்சாரத்தை அடைத்துவிட்டு முனையை அரத்தால் லேசாகத் தேய்த்தால் சரியாகும். ஆனால் திறக்கவே திறக்காதபடி வளைத்துவிட்டால் சுருள் எரிந்துபோகும். சுருளுக்குள் இருக்கும் நைலான் குழாய் தேய்ந்தாலும் இதே கோளாறுதான்.

சுவரில் உள்ள படங்களை நின்று பாருங்கள். 1942இல் நியூயார்க் பின்பாலைச் சூதாட்டமென்று தடை செய்தது. மேயர் லா கார்டியா சம்மட்டியால் மேசைகளை உடைத்தார். அன்று பிளிப்பர் கிடையாது, பந்து போன போக்குத்தான். 1947இல் காட்லீபின் ஹம்ப்டி டம்ப்டி ஆறு பிளிப்பர்களோடு வந்தபிறகே கைத்திறன் முன்னுக்கு வந்தது. ஆனாலும் தடை நீங்க 1976 ஆனது: பந்து எந்த வழியில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, நகர மன்றத்தார் கண்முன் ரோஜர் ஷார்ப் ஆடிக் காட்டினார்.

மேசையை லேசாக உலுக்கலாம். அளவு மீறினால் உள்ளே தொங்கும் குண்டு வளையத்தில் பட்டு டில்ட் ஆகிவிடும், அந்தப் பந்து போச்சு. ஓர் ஆட்டத்துக்குக் காட்லீபில் ஐந்து பந்து, ஹை ஸ்பீடில் மூன்று. பத்து வெள்ளியோடு போனால், ஹை ஸ்பீடின் பிளிப்பர் சரியாகும்வரை நான்கு ஆட்டம் காட்லீபிலும் ஒன்று ஹை ஸ்பீடிலும் ஆடுங்கள்.